ஒரே அட்ரினலின், இடத்துக்கொரு பதில்

பல் பிடுங்கிக்கொள்ளப் போனவர்களில் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஈறில் மரத்துப்போகும் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பயம் என்று நினைத்துக்கொள்வோம். பயமும் இருக்கலாம்தான். ஆனால் அந்த ஊசியில் லிக்னோகெய்னோடு பெரும்பாலும் துளியளவு அட்ரினலினும் கலந்திருக்கும். ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, கசிவைக் குறைத்து, மரத்துப்போகும் மருந்து அந்த இடத்தை விட்டுச் சீக்கிரம் ஓடிவிடாமல் நிறுத்திவைப்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். அதில் கொஞ்சம் ரத்தத்தோடு கலந்து இதயத்துக்குப் போய்விட்டால், அங்கே துடிப்பு கூடுகிறது.

ஈறில் சுருக்கம், இதயத்தில் வேகம். இதே அட்ரினலின் மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. குடலின் அசைவை மந்தமாக்குகிறது. கண்ணின் பாவையை விரிக்கிறது. கல்லீரல் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் விடச் செய்கிறது. மொத்தமே 26 அணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு மூலக்கூறு அது. சுருங்கு, தளர், வேகமாகு, மெதுவாகு என்று ஒன்றுக்கொன்று முரணான இத்தனை கட்டளைகளை அதற்குள் எங்கே எழுதி வைக்க முடியும்?

எழுதவே இல்லை என்பதுதான் பதில். அட்ரினலின் வந்து சேர்வதோடு சரி. வந்ததற்கு என்ன பொருள் என்பதை, அதைப் பெற்றுக்கொள்ளும் செல்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவின் முதல் படி, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி. மருத்துவர்கள் ரிசெப்டர் என்று சொல்வது இதைத்தான். நான் படித்த உயிரியலில் என் மனத்தைவிட்டு அகலாத விஷயம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் இதைச் சொல்வேன். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் பாதி மாத்திரைகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும்.

ஏற்பி என்பது ஒரு புரதம். செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வை ஊடுருவி நிற்கும். ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே. வெளிப்பக்கத்தில் அதற்குப் பொருந்திய மூலக்கூறு வந்து ஒட்டினால் புரதத்தின் வடிவம் சற்று மாறும். அந்த மாற்றம் உள்பக்கத்தில் வேறொரு வேலையைத் தொடங்கிவைக்கும். இந்த வேலைக்காக அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதே இல்லை. வெளியே தொட்டுவிட்டுப் போய்விடுகிறது.

இன்று இதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு பொருள் இருக்கிறது என்று நம்புவதற்கே அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டில் பாதிக்கு மேல் பிடித்தது.

கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற உடலியல் அறிஞர் 1905இல் வெளியிட்ட சோதனையிலிருந்து தொடங்கலாம். கோழியின் தசையில் நிகோடினைச் செலுத்தினார். தசை சுருங்கியது. நரம்பின் மூலமாகத்தான் இது நடக்கிறதோ என்று பார்க்க, முன்கூட்டியே நரம்பை வெட்டி, அது நலிந்து அழிந்துபோகும்வரை காத்திருந்து மறுபடி செய்தார். அப்போதும் சுருங்கியது. ஆகவே நிகோடின் வேலை செய்யும் இடம் நரம்பு இல்லை. அடுத்து, தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் க்யூராரே விஷத்தைக் கொடுத்தார். நிகோடினின் வேலை அடங்கிப்போனது. ஆனால் அதே தசையில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சினால் பழையபடி சுருங்கியது! சுருங்கும் தசையிழைக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றால் நிகோடினும் க்யூராரேயும் போட்டி போடுவது எந்த இடத்துக்காக? நரம்பும் இல்லாமல் தசையிழையும் இல்லாமல், செல்லில் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும் என்று லாங்லி முடிவுக்கு வந்தார். வருவதை ஏற்றுக்கொள்ளும் பொருள் என்று அதைக் குறிப்பிட்டார். அட்ரினலின் ஓரிடத்தில் சுருக்குவதற்கும் இன்னோரிடத்தில் தளர்த்துவதற்கும் காரணம் அந்தப் பொருளின் வேறுபாடே என்றும் எழுதினார். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, வெறும் விலக்கல் முறையில் சரியாக ஊகித்த அந்தத் தர்க்கத்தை இப்போது படித்தாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஜெர்மனியில் பால் எர்லிக், நச்சுகளும் எதிர்ப்பொருள்களும் பற்றிய ஆராய்ச்சி வழியாக ஏறக்குறைய அதே காலத்தில் அதே கருத்துக்கு வந்திருந்தார்.

லாங்லி ஊகித்த பொருள் கைக்குச் சிக்கியது பாம்பு விஷத்தால். தைவானில் சாங், லீ என்ற இரு மருந்தியலாளர்கள் அங்குள்ள கட்டுவிரியன் இனமொன்றின் விஷத்திலிருந்து ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற நச்சை 1963இல் பிரித்தெடுத்தார்கள். அது தசையின் ஏற்பியில் ஒட்டினால் எளிதில் விடாது. 1970ஆம் ஆண்டுவாக்கில் பாரிஸில் ழான் பியர் ஷாஞ்ஜோவின் குழு, மின்விலாங்கின் மின் உறுப்பில் திரளாக இருக்கும் இதே ஏற்பியை அந்த நச்சின் உதவியால் அடையாளம் கண்டு பிரித்தது. ஊகம் புரதமானது.

நம் ஊர் நல்ல பாம்பின் விஷத்திலும் இதே ஏற்பியை அடைக்கும் நச்சுகள் உண்டு. கடித்த பின் இமை தானாகக் கீழே இறங்குவதும், பேச்சு குழறுவதும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோவதும் இதனால்தான். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற மூலக்கூறு நரம்பிலிருந்து வருகிறது. வாங்கிக்கொள்ள இடம் இல்லை. விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவார்கள். அது அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டுவதால், மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்காக நச்சோடு போட்டியிட முடிகிறது. நம் ஊர்க் கட்டுவிரியன் விஷமோ பெரும்பாலும் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. அங்கே இந்த ஊசி அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. எந்த இடத்தில் அடைப்பு என்பதைப் பொறுத்து மருந்து மாறுகிறது.

அட்ரினலினுக்குத் திரும்புகிறேன். ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1906இல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ரை தானியத்தில் வரும் எர்காட் பூஞ்சையின் சத்தைப் பூனைக்கு ஏற்றிவிட்டு அட்ரினலின் கொடுத்தால், ஏற வேண்டிய ரத்த அழுத்தம் இறங்கியது. (கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்குவது இந்தப் பூஞ்சையின் உறவு.) இன்றைக்கு விளக்கம் எளிது. ரத்தக்குழாயில் சுருக்கும் ஏற்பி, தளர்த்தும் ஏற்பி இரண்டும் இருக்கின்றன. எர்காட் முதலாவதை அடைத்துவிட்டது. அட்ரினலின் இரண்டாவதை மட்டும் தொட்டது.

இரண்டு வகை என்று துணிந்து சொன்னவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட். அட்ரினலினையும் அதன் நெருங்கிய உறவுகளையும் பல உறுப்புகளில் செலுத்தி, எது அதிகம் வேலை செய்கிறது, எது குறைவாக என்று வரிசைப்படுத்தினார். உறுப்புகள் பலவாக இருந்தும் வரிசை இரண்டே இரண்டாகத்தான் வந்தது. ஒன்றை ஆல்ஃபா என்றார், மற்றதை பீட்டா என்றார். முதலில் அனுப்பிய இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1948இல் வேறோர் இதழில் வெளியானது. பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொண்டவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக். நெஞ்சுவலி நோயாளிகளுக்கு இதயத்துக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டுவது எப்படி என்றே மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று பிளாக் யோசித்தார். அட்ரினலின் இதயத்தை விரட்டுவது பீட்டா ஏற்பி வழியாக என்றால், அதை அடைத்துவிட்டால் விரட்டல் நிற்கும் அல்லவா? முதலில் கிடைத்த மருந்து எலிகளில் கட்டியை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து 1964இல் வந்தது ப்ரோப்ரனலால். ஒற்றைத் தலைவலிக்கும் கைநடுக்கத்துக்கும் இன்றும் எழுதித் தருகிறார்களே, அதே மாத்திரை. பிளாக் அதோடு நிற்காமல் இதே வழியில் வயிற்றின் ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கும் மருந்தையும் உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிறகு பீட்டாவும் இரண்டாகப் பிரிந்தது. இதயத்தில் பெரும்பாலும் பீட்டா 1. மூச்சுக்குழாயில் பீட்டா 2. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் பம்ப் இந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தது: இரண்டாவதை மட்டும் பெரும்பாலும் தொடும் மருந்து.

என் பெரியம்மாவுக்குப் பல வருஷ இளைப்பு. அவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: "பம்ப் அடிச்சா மூச்சு நல்லா வருதுப்பா. ஆனா கை வெடவெடங்குது. மூச்சுக்குக் குடுத்த மருந்து கைக்கு எதுக்குப் போவணும்?" இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் வகுப்பறையில்கூடக் கேட்டதில்லை. கையை ஆட்டும் தசைகளிலும் பீட்டா 2 ஏற்பி இருக்கிறது பெரியம்மா, மருந்துக்கு மூச்சுக்குழாயும் கையும் வேறு வேறு என்று தெரியாது, ஏற்பியைத்தான் தெரியும் என்றேன். பக்கவிளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். ஒரே ஏற்பி, வேண்டாத இடத்தில்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. ஆஸ்துமா இருப்பவர் தலைவலிக்கென்று ப்ரோப்ரனலால் விழுங்கினால், அது பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் அடைத்து மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். அவசரத்துக்கு அடிக்கும் பம்பும் சரியாக வேலை செய்யாது. அது தொட வேண்டிய இடத்தில்தான் மாத்திரை உட்கார்ந்திருக்கிறதே. பெரியம்மாவுக்கும் ஒரு மருந்துக்கடையில், இளைப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல் தலைவலிக்கு இந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள். நல்லவேளை, விழுங்குவதற்கு முன் என்னிடம் காட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து, ஆஸ்துமா இருப்பதை மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் கேட்காமலே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் அட்ரினலினின் வேலை. பீட்டா ஏற்பியை அடைக்கும் மாத்திரை அந்த அறிகுறிகளை மூடி மறைத்துவிடலாம். வியர்வை மட்டும் மறையாது. வியர்வைச் சுரப்பிக்குச் செய்தி வருவது அசிட்டைல்கோலின் மூலம், வேறு ஏற்பி வழியாக. திடீரென்று சட்டை நனைந்தால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

சரி, பீட்டா ஏற்பியை அட்ரினலின் தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது? ஏற்பியின் உள்பக்கத்தில் ஜி புரதம் என்ற ஒன்று விழித்துக்கொள்கிறது. அது ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறிய மூலக்கூறை மளமளவென்று உற்பத்தி செய்கிறது. வெளியே தொட்டது சில மூலக்கூறுகள்தான். உள்ளே படிக்குப் படி எண்ணிக்கை பெருகுகிறது. சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடித்த எர்ல் சதர்லேண்டுக்கு 1971இலும், ஜி புரதத்துக்காக ஆல்ஃபிரட் கில்மன், மார்ட்டின் ராட்பெல் இருவருக்கும் 1994இலும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. இதயச் செல்லிலும் மூச்சுக்குழாய்ச் செல்லிலும் கூடுவது அதே சைக்ளிக் ஏஎம்பிதான். இதயத்தில் அது கால்சியம் நுழையும் வாயில்களை அதிகம் திறக்கச் செய்து துடிப்பை வலுவாக்குகிறது. மூச்சுக்குழாயின் மென்தசையிலோ சுருக்கத்துக்குத் தேவையான நொதியை அடக்கித் தசையைத் தளர்த்துகிறது. வெளியே வந்த மூலக்கூறு ஒன்று, உள்ளே எழுந்த குரலும் ஒன்று. விளைவு மட்டும் நேர்எதிர். அந்தச் செல் என்னென்ன புரதங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்பதுதான் கடைசியில் தீர்மானிக்கிறது.

எல்லா ஏற்பியும் இப்படி இயங்குவதில்லை. லாங்லியின் தசை ஏற்பி ஒரு வாயில். அசிட்டைல்கோலின் பட்டதும் மில்லி விநாடிகளில் திறந்து சோடியத்தை உள்ளே விடும். இன்சுலின் ஏற்பி தானே ஒரு நொதி; அது தூண்டிவிடும் தொடர்வேலையால் தசையிலும் கொழுப்பிலும் சர்க்கரையை உள்ளே கொண்டுபோகும் புரதங்கள் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. ஸ்டீராய்டுகளின் ஏற்பி சவ்வில் இல்லவே இல்லை. ஸ்டீராய்டு கொழுப்பில் கரைவதால் செல்லுக்குள் நுழைந்து அங்கே தன் ஏற்பியைச் சந்திக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குப் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகின்றன. அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பம்ப் அடித்தால் உடனே ஒன்றும் தெரியாததற்கு இதுதான் காரணம். ஒன்றுமில்லை என்று அதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அழற்சியைத் தணிப்பதோடு, பீட்டா 2 ஏற்பியின் உற்பத்தியையும் அது கூட்டுகிறது. உடனே சுகம் தரும் பம்பை மட்டும் நம்பி இருப்பது நல்லதல்ல என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019இல் சொல்லிவிட்டன.

பள்ளியில் இதையெல்லாம் பூட்டும் சாவியும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தொடக்கத்துக்கு அது உதவும். அதிலேயே நின்றுவிட்டால் வழி தவறும். பூட்டு சாவிக்காக அசையாமல் காத்திருக்கும். ஏற்பி ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. இயங்கும் வடிவத்துக்கும் ஓய்ந்த வடிவத்துக்கும் இடையே தானாகவே மாறி மாறித் துடித்துக்கொண்டிருக்கிறது. அட்ரினலின் இயங்கும் வடிவத்தின் பக்கம் தராசைச் சாய்க்கிறது. பாதி மட்டும் சாய்க்கும் மருந்துகள் உண்டு. எதிர்ப்பக்கம் சாய்ப்பவையும் உண்டு.

இந்த அசைவுதான் ஏற்பியைப் படமெடுக்க விடாமல் பல ஆண்டுகள் இழுத்தடித்தது. இதய மருத்துவரான ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறுகளை ஒட்டவைத்து பீட்டா ஏற்பி உண்மையான பொருள்தான் என்று காட்டினார். 1986இல் அவருடைய குழு பீட்டா 2 ஏற்பியின் மரபணுவைப் படித்தபோது, அது சவ்வை ஏழு முறை ஊடுருவும் அமைப்பு என்று தெரிந்தது. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சின் புரதமும் அதே அமைப்பு! ஒளியும் அட்ரினலினும் ஒரே குடும்பத்து ஏற்பிகளைத் தொடுகின்றன. மனிதரில் இந்தக் குடும்பத்தில் சுமார் 800 பேர். ஏறக்குறைய பாதி வாசனைக்கு உரியவை. டோபமின், ஹிஸ்டமின், மார்பின், நாக்கின் கசப்பு, இனிப்பு எல்லாவற்றின் ஏற்பிகளும் இதற்குள் அடக்கம். இன்று விற்பனையில் இருக்கும் மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தக் குடும்பத்தைத்தான் தொடுகிறது. லெஃப்கோவிட்ஸிடம் பயின்ற பிரையன் கோபில்கா 2011இல், ஏற்பி ஜி புரதத்தைப் பற்றிய நிலையில் படமெடுத்துக் காட்டினார். 2012இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

ஏற்பி பற்றிப் பேசினால் ஒவ்வாமை அதிர்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. குளவி கொட்டியோ, ஒத்துக்கொள்ளாத ஊசியாலோ சிலருக்கு நிமிடங்களில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறார்கள். ஆல்ஃபா ஏற்பிகள் ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றி வீக்கத்தை வடிக்கும். பீட்டா 1 இதயத்தைத் தூக்கி நிறுத்தும். பீட்டா 2 மூச்சுக்குழாயைத் திறக்கும். எல்லா ஏற்பிகளையும் ஒருசேரத் தொடும் அந்தக் குணம் வேறு சமயத்தில் தொந்தரவு. இங்கே அதுவே உயிர் காக்கிறது. நோயாளி ஏற்கெனவே பீட்டா அடைப்பான் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம். அப்போது மருத்துவர்கள் குளூககான் என்ற ஹார்மோனைக் கொடுப்பார்கள். இதயச் செல்லில் குளூககானுக்குத் தனி ஏற்பி உண்டு. அது பீட்டாவைத் தொடாமலே அதே சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டிவிடும். இதைக் கண்டுகொண்டு நோயாளியின் படுக்கையருகே பயன்படுத்தியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஏற்பிகளின் எண்ணிக்கையும் நிலையானதல்ல. தூண்டல் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால், செல் தன் ஏற்பிகளை முதலில் செயலிழக்கச் செய்கிறது, பிறகு மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, நாளாக நாளாகப் புதிதாக உற்பத்தி செய்வதையும் குறைக்கிறது. ஏற்பியை நெடுநாள் அடைத்தே வைத்தால் நேர்மாறாக எண்ணிக்கை கூடுகிறது. பீட்டா அடைப்பானைத் திடீரென்று நிறுத்தினால், பெருகிய அத்தனை ஏற்பிகளும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ள, நெஞ்சுவலியோ மாரடைப்போகூட வரலாம். மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆச்சு, அடுத்த வாரம் வாங்கிக்கலாம் என்று இருக்கிற மருந்து இது இல்லை.

பலவீனமடைந்த இதயத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததுதான். இதயம் சரியாக ரத்தத்தைத் தள்ளாதபோது உடல் பதறிப்போய், அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. சில நாட்களுக்கு அது உதவும். மாதக்கணக்கில் நீடித்தால் இதயச் செல்கள் சேதமாகின்றன, பீட்டா ஏற்பிகளும் குறைந்துபோகின்றன. இப்படிப்பட்ட இதயங்களில் ஏற்பிகள் குறைந்திருப்பதை 1982இல் மைக்கேல் பிரிஸ்டோவின் குழு அளந்து காட்டியது. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு, அதை மேலும் மெதுவாக்கும் பீட்டா அடைப்பானைக் கொடுப்பது பெருந்தவறு என்றுதான் வெகுகாலம் கற்பித்தார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் உடனிருந்தவர்களும் அதைக் கொடுத்துப் பார்த்து, நோயாளிகள் தேறியதை 1975இல் எழுதினார்கள். நம்பியவர்கள் குறைவு. 1999இல் பிஸோப்ரலால், மெட்டோப்ரலால் என்ற இரண்டு மருந்துகளின் பெரிய சோதனைகளில் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்த பிறகு, விலக்கி வைத்திருந்த மருந்து அந்த நோய்க்கான முதல் வரிசை மருந்துகளில் ஒன்றானது.

கொடுக்கும் முறைதான் முக்கியம். பிஸோப்ரலால் என்றால் 1.25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, உடல் தாங்கும் அளவு பார்த்து 10 மில்லிகிராம்வரை ஏற்றுவார்கள். முதல் சில வாரங்கள் களைப்பு கூடியதுபோல் இருக்கலாம். இதயத்தின் வலு தேறுவது தெரிய மாதங்கள் ஆகும். ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று தோன்றுவது அந்த ஆரம்ப வாரங்களில்தான். அப்படித் தோன்றினால் நிறுத்திவிட்டுப் போய்ச் சொல்வதற்குப் பதிலாக, நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவும், ஏற்றும் வேகத்தைத் தளர்த்தவும் அவருக்கு வழி இருக்கிறது.